எஸ்டிஎல் கோப்பில் ஒரு துளையை மாற்றுவது எப்படி? ஃப்ரீகேடில் மெஷ் வேலைக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

3டி அச்சுக்காக இணையத்திலிருந்து இறக்கிய எஸ்டிஎல் கோப்பில் எல்லாமே சரியாக இருக்கிறது, துளைகள் மட்டும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக வேண்டும். ஃப்ரீகேட் என்ற இலவச கேட் (கணினி வழி வடிவமைப்பு) மென்பொருளில் திறந்து துளையைத் தொட்டால் முழுப் பொருளும் பச்சையாகிறது. துளை தனியாகத் தேர்வாகவே இல்லை, விட்டத்தை மாற்ற ஒரு பெட்டியும் இல்லை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

காரணம் மென்பொருளில் இல்லை, கோப்பில் இருக்கிறது. எஸ்டிஎல் 1987-இல் ஸ்டீரியோலித்தோகிராஃபி இயந்திரங்களுக்காக 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய வடிவம். அதற்குள் முக்கோணங்களைத் தவிர வேறு எதுவும் கிடையாது. எது துளை, எது தகடு, விட்டம் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. அளவு மில்லிமீட்டரா, அங்குலமா என்றுகூட எழுதப்பட்டிருக்காது. பொருளின் மேல்தோலை முக்கோணத் துண்டுகளால் ஒட்டிய கூடு அது, உள்ளே வெறுமைதான். அந்தக் கூட்டைத்தான் மெஷ் என்கிறோம்.

கேட் மென்பொருள் எதிர்பார்ப்பது சாலிட்: தட்டையான முகம், உருளை முகம், அவை சேரும் விளிம்பு என்று ஒவ்வொன்றும் கணிதமாகத் தெரிந்த திடப்பொருள். மெஷ்ஷை சாலிட் ஆக்க முடியும். ஆனால் எப்போது ஆக்கலாம், எப்போது ஆக்கக் கூடாது என்ற முடிவில்தான் நேரம் மிச்சமாவதும் வீணாவதும் இருக்கிறது.

இங்கே எடுத்துக்காட்டாக, நீமா 17 ஸ்டெப்பர் மோட்டாரைத் தாங்கும் எல் வடிவ பிராக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிற்கும் தகட்டில் மோட்டாருக்கு நான்கு எம்3 (3 மி.மீ. திருகுக்கான) துளைகள், நடுவில் ஒரு பெரிய வட்டம். படுத்திருக்கும் தகட்டில் நான்கு எம்4 துளைகள். அந்த நான்கையும் எம்5 போல்ட் நுழையும்படி 4.5 மி.மீ.-இலிருந்து 5.5 மி.மீ. ஆக்க வேண்டும். மெனு பெயர்கள் ஃப்ரீகேட் 1.0 பதிப்பின்படி தரப்பட்டுள்ளன. வேறு பதிப்பில் சற்று இடம் மாறியிருக்கலாம்.

தொடங்குமுன் ஒன்று: கோப்பு கிடைத்த அதே பக்கத்தில் ஸ்டெப் (.step) கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. ஸ்டெப் கோப்பில் துளை உண்மையான உருளையாகவே வரும்.

திறப்பதற்கு முன் ஒரு கணக்கு

பைனரி எஸ்டிஎல் கோப்பின் அமைப்பு மிக எளிமையானது. முதல் 80 பைட் தலைப்பு, அடுத்த 4 பைட் முக்கோண எண்ணிக்கை, பிறகு முக்கோணம் ஒன்றுக்கு 50 பைட். ஆகவே கோப்பின் பைட் அளவிலிருந்து 84-ஐக் கழித்து 50-ஆல் வகுத்தால் முக்கோண எண்ணிக்கை கிடைத்துவிடும். நம் பிராக்கெட் 1,70,684 பைட் என்றால் 3,412 முக்கோணங்கள். 5 எம்பி கோப்பு என்றால் ஏறத்தாழ ஒரு லட்சம்.

இந்த எண் ஏன் முக்கியம்? சாலிட் ஆக்கும்போது ஒவ்வொரு முக்கோணமும் ஃப்ரீகேடுக்கு ஒரு தனி முகம். சில ஆயிரம் முகங்களைச் சாதாரண மடிக்கணினியே தாங்கும். பத்தாயிரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு கட்டளைக்கும் காத்திருக்க வேண்டும். ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் சாலிட் ஆக்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. கோப்பை நோட்பேடில் திறந்தால் படிக்கக்கூடிய எழுத்துகளாக வருகிறதா? அப்படியானால் அது ஆஸ்கி வகை, இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அதே பொருளுக்கு ஆஸ்கி கோப்பு பல மடங்கு பெரிதாகவும் இருக்கும்.

அளவு சரியா?

ஃபைல் மெனுவில் நியூ கொடுத்து, ஒர்க்பெஞ்ச் (ஒரு வகை வேலைக்கான கருவித் தொகுப்பு) பட்டியலில் மெஷ் என்பதற்கு மாறுங்கள். மெஷஸ் மெனுவில் இம்போர்ட் மெஷ் வழியாகக் கோப்பை எடுங்கள். பிறகு மெஷஸ் > அனலைஸ் > பவுண்டிங்ஸ் இன்ஃபோ. மூன்று திசைகளிலும் குறைந்தபட்ச, அதிகபட்ச எண்கள் வரும்.

நீமா 17 மோட்டாரின் முகப்பு சுமார் 42 மி.மீ. சதுரம், திருகுத் துளைகளின் இடைவெளி 31 மி.மீ. ஆகவே தகட்டின் அகலம் 42-ஐ ஒட்டியோ சற்று அதிகமாகவோ இருக்க வேண்டும். 1.65 என்று வந்தால் கோப்பு அங்குலத்தில் இருக்கிறது, மெஷஸ் > ஸ்கேல் போய் 25.4 கொடுங்கள். 4.2 என்றால் சென்டிமீட்டர், 10 கொடுங்கள். 0.042 என்றால் மீட்டர், 1000 கொடுங்கள். எந்த மெஷ்ஷிலும் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஓர் அளவையாவது இப்படிச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். கடைசியில் கண்டுபிடித்தால் செய்த அத்தனையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

மூன்று எண்கள் சொல்லும் கதை

பொருள்களின் பட்டியலான மரத்தில் (ட்ரீ) மெஷ்ஷைத் தேர்ந்தெடுத்தால், ப்ராப்பர்ட்டி பகுதியின் டேட்டா தாவலில் மெஷ் என்ற வரியில் புள்ளிகள், விளிம்புகள், முகங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை தெரியும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் மெஷ்ஷின் உடல்நிலையை இதைவிட வேகமாகச் சொல்லும் வேறு கருவி கிடையாது.

ஓட்டை ஒழுக்கு இல்லாத, நன்றாக மூடிய மெஷ்ஷில் ஒவ்வொரு விளிம்பையும் சரியாக இரண்டு முக்கோணங்கள் பகிர்ந்துகொள்ளும். முக்கோணத்துக்கு மூன்று விளிம்புகள், அதை இரண்டு பேர் பகிர்வதால், விளிம்புகளின் எண்ணிக்கை முக்கோணங்களைப் போல ஒன்றரை மடங்கு. 3,412 முக்கோணங்கள் என்றால் 5,118 விளிம்புகள் வர வேண்டும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் எங்கோ மேல்தோல் பொத்தலாகி இருக்கிறது. குறைவாக இருந்தால் எங்கோ ஒரே விளிம்பில் மூன்று, நான்கு முக்கோணங்கள் வந்து முட்டுகின்றன. இதைத்தான் நான்-மேனிஃபோல்ட் என்பார்கள். முக்கோண எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தாலே மெஷ் கெட்டிருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். ஒன்றரையால் பெருக்கினால் முழு எண் வராதே!

இன்னும் ஒரு படி போகலாம். புள்ளிகளிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால், ஒரே துண்டாக மூடிய பொருளுக்கு 2 வரும். ஒவ்வொரு ஊடு துளைக்கும் அதிலிருந்து 2 குறையும். நம் பிராக்கெட்டில் நான்கு, ஒன்று, நான்கு என ஒன்பது ஊடு துளைகள். ஆகவே 2-இலிருந்து 18 போக −16. புள்ளிகள் 1,690 என்று இருந்தால் 1,690 − 5,118 + 3,412 = −16. கணக்கு நேராக வந்துவிட்டது. கண்ணால் பார்க்காமலேயே ஒன்பது துளைகளும் முழுதாகத் திறந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு சொல் விளக்கம். இந்தக் கட்டுரையில் துளை என்றால் வடிவமைத்தவர் வேண்டுமென்றே வைத்தது, அதற்குச் சுவர் உண்டு. பொத்தல் என்றால் மேல்தோலில் முக்கோணம் விடுபட்டுப்போன இடம், அதற்குச் சுவர் கிடையாது. ஃப்ரீகேட் இரண்டாவதைத்தான் ஹோல் என்கிறது. ஃபில் ஹோல்ஸ் கட்டளை தம் போல்ட் துளையை அடைத்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். சுவர் இருக்கும் துளையை அது தொடாது.

பழுது பார்ப்பது

முதலில் மெஷ்ஷைத் தேர்ந்தெடுத்து எடிட் மெனுவில் டூப்ளிகேட் போட்டு ஒரு நகல் எடுங்கள். அசலை ஸ்பேஸ் விசையால் மறைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். மெஷ் கட்டளைகள் பலவும் பொருளை அதே இடத்தில் மாற்றிவிடும்.

1. மெஷஸ் > அனலைஸ் > எவாலுவேட் அண்ட் ரிப்பேர் மெஷ். மேலே பட்டியலில் உங்கள் மெஷ்ஷைத் தேர்ந்தெடுங்கள்.

2. ஒவ்வொரு வரியிலும் அனலைஸ் பொத்தானை அழுத்துங்கள்: திசை மாறிய முகங்கள், இரட்டை முகங்கள், இரட்டைப் புள்ளிகள், நான்-மேனிஃபோல்ட், பரப்பே இல்லாத முகங்கள், ஒன்றையொன்று வெட்டும் முகங்கள், மடிப்புகள். குறை இருந்தால் எண்ணிக்கை தெரியும், ரிப்பேர் பொத்தான் உயிர் பெறும்.

3. ஒவ்வொன்றாக ரிப்பேர் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் செய்யும் வசதி அடியில் இருக்கிறது. முதல் முறை அதை நாடாதீர்கள். எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

4. பெட்டியை மூடிவிட்டு, மெஷஸ் > ஃபில் ஹோல்ஸ். எத்தனை விளிம்பு வரையுள்ள பொத்தலை அடைக்கலாம் என்று ஓர் எண் கேட்கும். இயல்பாக 3 என்று இருக்கும். ஒரே ஒரு முக்கோணம் விடுபட்ட பொத்தலைத்தான் அது அடைக்கும். 14 விளிம்புள்ள பொத்தலில் ஒன்றுமே நடக்காது, பிழைச்செய்தியும் வராது. எண்ணை 20, 50 என்று ஏற்றிப் பாருங்கள்.

5. மறுபடியும் எவாலுவேட். மறுபடியும் மூன்று எண்கள்.

ஐந்தாவது படியை விட்டுவிடாதீர்கள். ஒன்றையொன்று வெட்டும் முகங்களை ஃப்ரீகேட் சரிசெய்யும் விதம், அந்த முகங்களை நீக்குவதுதான். ஒரு குறை போய், அந்த இடத்தில் பொத்தல்கள் வந்து நிற்கும். ஆகவே ரிப்பேர், அடைப்பு, மறு ஆய்வு என்று இரண்டு மூன்று சுற்று ஓடுவது வழக்கமானதே. சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கை குறையாமல் கூடிக்கொண்டே போனால் அது வேறு நோய்: வடிவமைத்தவர் இரண்டு மூன்று பொருள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிவிட்டு, இணைக்காமலேயே ஏற்றுமதி செய்திருக்கிறார். மறைத்து வைத்த அசலுக்குத் திரும்பி, மெஷஸ் > ஸ்ப்ளிட் பை காம்போனென்ட்ஸ் கொடுங்கள். துண்டுகள் தனித்தனியாகப் பிரியும். ஒவ்வொன்றையும் தனியே சாலிட் ஆக்கி, பிறகு பார்ட் ஒர்க்பெஞ்சில் யூனியன் செய்து ஒன்றாக்குவதே அதற்குச் சரியான வழி.

முகங்களின் திசை தாறுமாறாக இருந்தால் ஹார்மனைஸ் நார்மல்ஸ். எல்லாமே ஒரே சீராக உள்நோக்கித் திரும்பியிருந்தால் ஃப்ளிப் நார்மல்ஸ்.

சாலிட் ஆக்குவது

மெஷ் சுத்தமாகி, முக்கோணங்களும் சில ஆயிரத்துக்குள் இருந்தால் பார்ட் ஒர்க்பெஞ்சுக்கு மாறுங்கள்.

மெஷ்ஷைத் தேர்ந்தெடுத்து, பார்ட் > கிரியேட் ஷேப் ஃப்ரம் மெஷ். தையலுக்கான டாலரன்ஸ், அதாவது எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்ற அளவு, கேட்கும். 0.1 என்ற இயல்பு அளவே பெரும்பாலும் போதும். பொருளில் 0.1 மி.மீ. அளவுக்கு நுண்ணிய விவரம் இருந்தால் 0.01 கொடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். வந்த ஷேப்பைத் தேர்ந்தெடுத்து பார்ட் > கன்வெர்ட் டு சாலிட். பிறகு பார்ட் > கிரியேட் எ காப்பி > ரிஃபைன் ஷேப்.

ரிஃபைன் ஷேப் ஒரே தளத்தில் கிடக்கும் முக்கோணங்களை ஒரே முகமாகச் சேர்க்கிறது. ஒரு கனசதுரத்தின் 12 முக்கோணங்கள் 6 முகங்களாகும். தகட்டின் மேல்பரப்பு நூற்றுக்கணக்கான சிம்புகளாக இருந்தது ஒரே தட்டை முகமாகிவிடும். ஆனால் வட்டச் சுவர் உருளையாக மாறாது. 32 பக்கத் துளையின் 64 முக்கோணங்கள் 32 நீளப் பட்டைகளாகும், அவ்வளவே. இதற்குமேல் ஃப்ரீகேட் ஊகித்து உருளையாக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக பார்ட் > செக் ஜியோமெட்ரி. ஷெல் என்று காட்டினால் கூடு இன்னும் மூடவில்லை, மெஷ் பழுதுபார்ப்புக்குத் திரும்புங்கள். சாலிட் என்று காட்டியும், துளை போடப்போனால் பொருள் போய்த் துளை மட்டும் மிஞ்சுவது போல விநோதம் நடந்தால், முகங்கள் உள்நோக்கி இருக்கின்றன. மெஷ்ஷுக்குப் போய் ஃப்ளிப் நார்மல்ஸ் கொடுத்து மறுபடி சாலிட் ஆக்குங்கள்.

துளையைப் பெரிதாக்குவது

சாலிட்டைத் தேர்ந்தெடுத்து பார்ட் டிசைன் ஒர்க்பெஞ்சில் கிரியேட் பாடி கொடுத்தால், அது பாடிக்குள் அடிப்படைப் பொருளாக உட்காரும். அதன்மேல் வழக்கமான ஸ்கெட்ச் (முகத்தின் மேல் வரையும் படம்), பாக்கெட் (அந்தப் படத்தின் வடிவில் வெட்டுவது) எல்லாம் வேலை செய்யும்.

படுத்திருக்கும் தகட்டின் மேல்முகத்தைத் தொட்டு ஸ்கெட்ச் திறங்கள். பழைய துளையின் மையம் எங்கே? மையத்தைக் காட்ட அங்கே வட்டம் இல்லை, ஒரு பலகோணம்தான் இருக்கிறது. எக்ஸ்டர்னல் ஜியோமெட்ரி கருவியால் பலகோணத்தின் மூன்று பக்கங்களை எடுங்கள். ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் பக்கங்களாக இருக்கட்டும். மூன்று புள்ளி வட்டக் கருவியை எடுத்து, அந்தப் பக்கங்களின் முனைகளில் மூன்றைத் தொடுங்கள். கிடைக்கும் வட்டத்தின் மையமே துளையின் மையம். அந்த வட்டத்தைக் கன்ஸ்ட்ரக்ஷன் கோடாக (வெட்டில் சேராத துணைக்கோடாக) மாற்றிவிட்டு, அதே மையத்தில் புதிய வட்டம் போட்டு 5.5 மி.மீ. விட்டம் கொடுங்கள். மற்ற மூன்று துளைகளுக்கும் இதே வேலை. பிறகு பாக்கெட், வகை த்ரூ ஆல் (முழுவதும் ஊடுருவி வெட்டுவது).

பக்கத்தின் நடுவைத் தொடாமல் முனையைத் தொடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேட் மென்பொருள் வட்டத்தை முக்கோணமாக்கும்போது முனைகளை உண்மையான வட்டத்தின் மேலேயே வைக்கும். பக்கங்கள் வட்டத்துக்கு உட்புறமாகக் குறுக்கே ஓடும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்தால் விட்டம் எப்போதும் குறைவாகவே வரும். மூன்று முனை வட்டம் 4.5 காட்டும் இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் 4.48 காட்டலாம்.

சிறிய துளையில் இது பொருட்டல்ல, பெரிய துளையில் வேலையைக் கெடுக்கும். மோட்டார் முகப்பின் நடுவே 22 மி.மீ. விட்டத்தில் ஒரு மேடு இருக்கிறது. அதற்காக வைத்த 22.5 மி.மீ. துளை 32 பக்கங்களாக இருந்தால் பக்கத்துக்குப் பக்கம் 22.39, மேடு நுழைந்துவிடும். 12 பக்கங்களாக இருந்தால் 21.73. கணினித் திரையில் 22.5 என்று தோன்றும் அதே துளைக்குள் 22 மி.மீ. மேடு நுழையாது. அச்சிட்ட பிறகு பிரிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்படிப்பட்ட கோப்பு என்றால் அந்த நடுத் துளையையும் இதே முறையில் 22.5-க்கு மறுபடி வெட்டிவிடுங்கள்.

துளையை நகர்த்தவோ சிறிதாக்கவோ வேண்டுமானால் முதலில் அடைக்க வேண்டும். பழைய துளையைவிட அரை மில்லிமீட்டராவது பெரிய வட்டத்தை, தகட்டின் கனத்துக்குப் பேட் செய்து (திடமாக நீட்டி) அடையுங்கள். அதே விட்டத்தில் அடைத்தால் பலகோணத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே முடி போன்ற இடுக்குகள் நின்று, அடுத்த வெட்டில் பிழை வரும். பார்ட் ஒர்க்பெஞ்ச் உருளையால் வெட்டுபவர்கள், உருளையைத் தகட்டுக்கு மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர் நீட்டி வையுங்கள். முகத்தோடு முகம் சரியாகப் பொருந்தும் வெட்டு மெஷ்ஷிலிருந்து வந்த சாலிட்டில் எளிதில் சொதப்பும். தட்டை என்று தோன்றும் முகம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விலகியிருந்தாலும் போதும்.

எப்போது மாற்றாமல் புதிதாக வரைய வேண்டும்

முக்கோணங்கள் பல்லாயிரம் இருந்தால், ஃபில்லெட் வளைவுகளையே (மழுக்கிய விளிம்புகளையே) மாற்ற வேண்டுமானால், அல்லது ஸ்கேனரிலிருந்து வந்த மெஷ் என்றால், சாலிட் ஆக்கும் வழி உதவாது. டெசிமேஷன் கட்டளையால் முக்கோணங்களைக் குறைக்கலாம் என்று தோன்றும். சிலைக்கும் பொம்மைக்கும் அது சரி. இயந்திர உறுப்பில் அது துளைகளை நசுக்கி, நேர்முனைகளை மழுக்கிவிடும். அந்த வழியில் போக வேண்டாம்.

அதற்குப் பதில் மெஷ்ஷை அச்சாக வைத்து மேலே வரையுங்கள். மெஷஸ் > கட்டிங் > கிராஸ்-செக்ஷன்ஸ் கட்டளையில் தளத்தையும் உயரத்தையும் கொடுத்தால் அந்த இடத்தின் குறுக்குவெட்டுக் கோடுகள் கிடைக்கும். 5 மி.மீ. தகட்டை 0-இலோ 5-இலோ வெட்டாதீர்கள். அங்கே முக்கோணங்கள் வெட்டுத் தளத்திலேயே படுத்திருப்பதால் கோடுகள் அறுந்து அறுந்து வரும். 2.5-இல் வெட்டுங்கள். பிறகு அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே புதிய ஸ்கெட்ச் வரையுங்கள். 30.98 என்று அளந்தால் 31 என்று எழுதுங்கள். வடிவமைத்தவர் மனதில் இருந்த எண் அதுதான். நம் பிராக்கெட் போன்ற உறுப்பை இப்படி வரைய அரை மணி நேரம் ஆகலாம். அதன்பின் எந்த அளவையும் ஒரு நொடியில் மாற்றலாம். முக்கோணங்களோடு மல்லுக்கட்டும் நேரத்தை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இதுவே குறுக்குவழி.

முகம், சிற்பம், பாதத்தின் ஸ்கேன் போன்ற வளைந்து நெளிந்த வடிவங்களுக்கு கேட் மென்பொருளே பொருத்தமில்லை. பிளெண்டர் அல்லது இத்தாலியின் பீசாவில் உருவான மெஷ்லேப், இவற்றில் மெஷ்ஷாகவே வைத்து வேலை செய்யுங்கள். இரண்டும் இலவசம். ஃப்ரீகேடிலேயே மெஷ்ஷை மெஷ்ஷால் வெட்ட வேண்டுமென்றால் மெஷஸ் மெனுவில் பூலியன் இருக்கிறது. அதற்கு ஓபன்ஸ்கேட் மென்பொருளும் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

திரும்ப எஸ்டிஎல் ஆக்கும்போது

நேராக எக்ஸ்போர்ட் செய்தால் வளைவின் நயம் ப்ரிஃபரன்ஸில் எழுதியிருப்பதைப் பொறுத்தே அமையும். கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்க, மெஷ் ஒர்க்பெஞ்சில் கிரியேட் மெஷ் ஃப்ரம் ஷேப் திறந்து ஸ்டாண்டர்ட் முறையை எடுங்கள். சர்ஃபேஸ் டீவியேஷன் 0.1 மி.மீ., ஆங்குலர் டீவியேஷன் 30 டிகிரி என்று இருக்கும். 30 டிகிரி என்றால் சிறிய துளைகள் 12 பக்கத்தோடு நின்றுவிடக்கூடும். 0.01 மி.மீ., 5 டிகிரி என்று மாற்றுங்கள். 22.5 மி.மீ. துளை ஏறத்தாழ 75 பக்கங்களாக வரும், கோப்பு சில பத்து கேபி கூடும்.

வந்த மெஷ்ஷைத் தேர்ந்தெடுத்து மூன்று எண்களை மறுபடி பாருங்கள். ஒன்றரை மடங்கு சரியா? −16 வருகிறதா? −14 வந்தால் ஒரு துளை அடைபட்டிருக்கிறது, பெரும்பாலும் கடைசியாகப் போட்ட பாக்கெட் த்ரூ ஆல் இல்லாமல் குறிப்பிட்ட ஆழத்தோடு நின்றிருக்கும். சரியாக இருந்தால் எக்ஸ்போர்ட் மெஷ். உங்கள் ஸ்லைசர் (பொருளைப் பிரிண்டருக்கான அடுக்குகளாக வெட்டும் மென்பொருள்) 3எம்எஃப் என்ற கோப்பு வடிவத்தை வாங்குமானால் எஸ்டிஎல்லுக்குப் பதில் அதில் சேமியுங்கள். அளவு அலகும் கோப்புக்குள்ளேயே போய்விடும், அடுத்து திறப்பவர் 25.4-ஆல் பெருக்க வேண்டியிருக்காது. ஃப்ரீகேடின் சொந்தக் கோப்பையும் கூடவே சேமித்து வையுங்கள். எம்5-ஐ எம்6 ஆக்கச் சொன்னால் அங்கே வட்டங்களின் விட்ட எண்ணை மாற்றினால் போதும்.